கற்கும் விருப்பம்

நுழையும்முன்

கற்றலுக்குப் பள்ளி வேண்டும், நூல் வேண்டும், ஆசிரியர் வேண்டும். இவை அனைத்தும் வாய்த்தும் கல்லாதவர் உளர். இவற்றுள் பெரும்பாலானவை வாய்க்காமலும் கற்றுயர்ந்தவர் உளர். இவ்விரு திறத்தாரையும் பிரிப்பது கற்கும் விருப்பமே. அவ்விருப்பம் குழந்தையிடம் எவ்வாறு நிலைக்கிறது? அதனைக் காப்பதற்குப் பெற்றோரும் ஆசிரியரும் உடன்பிறந்தாரும் செய்யத்தக்கவை யாவை? செட்டிநாட்டின் அண்டை ஊர்களில் பிறந்த மூவரின் வாழ்க்கை வழியாக இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

வினாக்களோடு பிறக்கும் குழந்தை

மூன்று வயதுக் குழந்தை ஓயாது கேட்கிறது. நிலா ஏன் கூடவே வருகிறது? எறும்பு எங்கே போகிறது? மழை எங்கிருந்து விழுகிறது? எவரும் அதற்குப் பரிசு தருவதில்லை, தேர்வும் வைப்பதில்லை. அறிதலில் உள்ள இன்பமே அதனைக் கேட்க வைக்கிறது. அதே குழந்தை பத்து ஆண்டுகள் கழித்து வகுப்பில் அமர்ந்திருக்கும்போது, "இது தேர்வில் வருமா?" என்னும் ஒரு வினாவை மட்டுமே கேட்குமாயின், இடைப்பட்ட காலத்தில் எதையோ இழந்திருக்கிறது என்பது தெளிவு.

ஆகவே, குழந்தைக்குக் கற்கும் ஆர்வத்தைப் புதிதாக ஊட்ட வேண்டியதில்லை; இருக்கும் ஆர்வம் தேயாமல் காத்தல் போதும். இவ்வுண்மையை விளக்கிக் காட்டும் சான்றுகள் சிவகங்கை மாவட்டத்து நெற்குப்பையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் கிடைக்கின்றன.

பெட்டியடியில் தொடங்கிய கல்வி

நெற்குப்பை செட்டிநாட்டு ஊர்களுள் ஒன்று. அதன் அண்மையில் மகிபாலன்பட்டியும், இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் அமைந்துள்ள மேலைச்சிவபுரியும் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இவ்வூர்களின் நகரத்தார் இலங்கை, பர்மா, மலேயா முதலிய நாடுகளில் வட்டித்தொழிலும் வணிகமும் நடத்தினர். பத்து, பதினொரு வயதுச் சிறுவர் பலர் திண்ணைப்பள்ளியில் எழுத்தும் எண்ணும் கற்றதும் கப்பலேறினர்.

கடல் கடந்த கடையில் சிறுவன் முதலில் பெற்ற பெயர் 'பெட்டியடிப் பையன்'. பணப்பெட்டியின் அருகில் இருந்து ஏவல் செய்வதும், மூத்தோர் கணக்கெழுதுவதைப் பார்த்துப் பழகுவதும் அவன் பணிகள். தேர்ச்சி பெற்றால் 'அடுத்தாள்' ஆவான். மேலும் தேர்ந்தால் கடையின் பொறுப்பை ஏற்பான். இம்முறையில் ஒரு சிறந்த கூறு இருந்தது. தான் கற்பது எதற்கு என்பது அச்சிறுவனுக்குத் தெரிந்திருந்தது. தனக்கு ஒரு படி மேலே நின்றவனை அவன் நாள்தோறும் கண்டான். நேற்றுத் தவறிய வட்டிக்கணக்கு இன்று சரியாக வந்தபோது தன் வளர்ச்சியைத் தானே உணர்ந்தான்.

ஆனால், இம்முறைக்கு ஒரு குறையும் இருந்தது. கடைக்குப் பயன்படும் அறிவுக்கு மட்டுமே அங்கு இடமிருந்தது. பாட்டையும் கதையையும் விரும்பிய சிறுவனின் விருப்பம் கணக்கேட்டின் அடியில் புதைந்துபோக வாய்ப்பு மிகுதி. அவ்வாறு புதைந்துபோன விருப்பங்கள் எத்தனையோ! புதையாமல் மீண்டெழுந்த விருப்பத்தின் வரலாறுகளே இனி வருபவை.

> தெரிந்து தெளிவோம்
>
> திண்ணைப்பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகினர். எண்சுவடியை மனப்பாடம் செய்தனர். ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட அளவுகளுக்குக் 'கீழ்வாய் இலக்கம்' என்று பெயர். முந்திரி என்பது 1/320, காணி 1/80, மா 1/20, மாகாணி 1/16, அரைக்கால் 1/8. மனக்கணக்காகவே வட்டியைக் கூறும் திறனுக்கு இவ்வாய்பாடுகள் அடிப்படையாக அமைந்தன.

தாமே தேடிக் கற்ற பண்டிதமணி

மகிபாலன்பட்டியில் 1881 ஆம் ஆண்டு பிறந்தவர் மு. கதிரேசனார். இளமையிலேயே இளம்பிள்ளைவாத நோய் அவர் கால்களைத் தாக்கியது. ஊன்றுகோலின் துணையின்றி நடப்பது அவருக்கு அரிதாயிற்று. திண்ணைப்பள்ளியில் அவர் பயின்ற காலம் ஏறத்தாழ ஏழு மாதங்களே. பதினோராம் வயதளவில் வணிகம் பழகுவதற்காக இலங்கைக்கு அனுப்பப்பட்டார். தந்தையாரின் மறைவுக்குப்பின் ஊர் திரும்பினார்.

ஊர் திரும்பிய அவரைப் படிக்குமாறு கட்டாயப்படுத்தியவர் எவருமிலர். தேர்வு இல்லை, பட்டம் இல்லை, படிப்பால் வரும் ஊதியமும் இல்லை. எனினும், தமிழ் இலக்கியங்களைப் பெரும்பாலும் தாமே பயின்றார். விளங்காத இடங்களைக் கற்றறிந்தாரிடம் கேட்டுத் தெளிந்தார். தமிழறிவு பெருகியபோது வடமொழியையும் அறிய வேண்டும் என்னும் வேட்கை எழுந்தது. தருவை நாராயண சாத்திரியாரை அடுத்து அதனையும் கற்றார். ஒன்றை அறிந்தவுடன் அதற்கு அப்பாலுள்ள மற்றொன்று அவரை அழைத்தது. கற்றலே மேலும் கற்றலுக்குத் தூண்டுகோலாயிற்று.

கற்றதைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளவும் அவர் விரும்பவில்லை. 1909 ஆம் ஆண்டு மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை தோன்றத் துணைநின்றார். வடமொழி நாடகமான மிருச்சகடிகத்தை 'மண்ணியல் சிறுதேர்' என்னும் பெயரில் தமிழாக்கினார். கௌடலீயத்தையும் தமிழுக்குக் கொணரும் பணியில் ஈடுபட்டார். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கினார். 1942 ஆம் ஆண்டு 'மகாமகோபாத்தியாய' என்னும் பட்டம் அவரைத் தேடி வந்தது. தமிழுலகம் அவரைப் 'பண்டிதமணி' என்றே அழைத்தது. ஏழு மாதமே பள்ளி சென்றவர் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார் என்பது வியப்புக்குரியது. ஆயினும், அவ்வியப்பில் நின்றுவிடாமல் அதன் காரணத்தையும் ஆராய வேண்டும். எதைக் கற்பது என்பதை அவரே தேர்ந்துகொண்டார். எவ்வளவு கற்பது என்பதற்கு எல்லை வகுத்துக்கொள்ளவில்லை.

ஆசிரியரைப் பெற்ற மாணவர்

மேலைச்சிவபுரியில் 1917 ஆம் ஆண்டு பிறந்தவர் வ.சுப. மாணிக்கனார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். அக்கால வழக்கப்படி சிறுவயதிலேயே பர்மாவுக்குச் சென்று இரங்கூன் நகரில் வட்டிக்கடையில் பணிபுரிந்தார். ஒருநாள், வருமானவரி அலுவலர் வந்தால் தாம் கடையில் இல்லை என்று கூறுமாறு முதலாளி அவரைப் பணித்தார். பொய் கூற இயலாது என்று மறுத்தார் மாணிக்கனார். அம்மறுப்பால் வேலையை இழந்து தாயகம் திரும்பினார். 'பொய் சொல்லா மாணிக்கம்' என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது.

வேலையிழந்து திரும்பிய இளைஞருக்கு இருவழிகள் இருந்தன. வேறொரு கடைக்குச் செல்வது ஒன்று. புதிதாகத் தொடங்குவது மற்றொன்று. அந்நிலையில் அவருக்கு வாய்த்தது பண்டிதமணியின் தொடர்பு. திண்ணைப்பள்ளியிலிருந்து கடல் கடந்து சென்று மீண்ட அதே பாதையைத் தாமும் கடந்துவந்தவர் பண்டிதமணி. ஆதலால், காலம் தாழ்ந்து கற்கத் தொடங்குபவரின் தயக்கம் அவருக்குப் புதிதன்று. அவர் வழிகாட்ட, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழ் பயின்றார் மாணிக்கனார்.

அவ்விளைஞர் பின்னர் 'வள்ளுவம்', 'தமிழ்க்காதல்', 'கம்பர்' முதலிய ஆய்வுநூல்களை இயற்றினார். காரைக்குடி அழகப்பா கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றினார். 1979 முதல் 1982 வரை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கினார். இங்கு எண்ணத்தக்கது ஒன்றுண்டு. வேலையை இழந்த நாளில் அவரிடம் பட்டமும் இல்லை, செல்வமும் இல்லை. "நீ கற்கலாம், கற்க முடியும்" என்று நம்பிய பெரியவர் ஒருவர் அண்டையூரில் இருந்தார். சோர்ந்த நேரத்தில் குழந்தையின் கற்கும் விருப்பத்தைத் தாங்கிப் பிடிப்பது இத்தகைய உறவே.

உலகையே பாடநூலாகக் கொண்ட சோமலெ

1921 ஆம் ஆண்டு நெற்குப்பையில் பிறந்தவர் சோம. இலெட்சுமணன். தம் பெயரின் எழுத்துகளைச் சுருக்கிச் 'சோமலெ' என்னும் புனைபெயரை அமைத்துக்கொண்டார். வணிகக் குடும்பத்தில் பிறந்த அவர், வணிகத்தோடு இதழியலையும் பயின்றார். முன்னோர் கடல் கடந்தது பொருள் தேடி. சோமலெ கடல் கடந்தபோது செய்திகளையும் தேடினார்.

'ஆஸ்திரேலியாவில் ஒரு மாதம்' போன்ற பயணநூல்கள் வாயிலாகத் தாம் கண்ட நாடுகளைத் தமிழ் வாசகருக்குக் காட்டினார். வெளிநாடுகளோடு நில்லாமல் தமிழ்நாட்டு மாவட்டங்களைப் பற்றியும் வரிசையாக நூல்கள் எழுதினார். ஓர் ஊரின் பயிர், தொழில், கோவில், சந்தை, உணவு, பேச்சுவழக்கு ஆகிய யாவும் அவருக்கு அறியத்தக்க செய்திகளாயின. 'தமிழ்நாட்டு மக்களின் மரபும் பண்பாடும்', 'செட்டிநாடும் செந்தமிழும்' ஆகியன அவருடைய பிற நூல்கள். அண்டையூரில் வாழ்ந்த பண்டிதமணியின் வரலாற்றையும் நூலாக்கினார். ஏழு மாதப் பள்ளிக்கல்வியோடு தொடங்கிய ஒருவரின் கதை இவ்வாறு அடுத்த தலைமுறையின் கையில் புத்தகமாக வந்து சேர்ந்தது.

தெரிந்த ஊரையே தெரியாத ஊரைப்போல் உற்றுநோக்குதல், கண்டதைக் குறித்தல், குறித்ததைப் பிறருக்குக் கூறுதல் ஆகிய மூன்றும் சோமலெயின் எழுத்து காட்டும் பழக்கங்கள். இவற்றைப் பின்பற்றச் செல்வம் தேவையில்லை. ஒரு குறிப்பேடு போதும். தம் தெருவில் உள்ள மரங்களையும் கடைகளையும் பட்டியலிடும் சிறுமி, புவியியலின் முதற்பாடத்தைத் தானே எழுதத் தொடங்கிவிடுகிறாள்.

பரிசும் பாராட்டும்

இம்மூவர் வாழ்வு உணர்த்துவதை உளவியல் ஆய்வுகளும் உறுதிப்படுத்துகின்றன. அமெரிக்க உளவியலறிஞர்களான எட்வர்டு டெசி, ரிச்சர்டு ரயான் ஆகிய இருவரும் கற்கும் விருப்பம் நிலைப்பதற்கு மூன்று தேவைகளைச் சுட்டுகின்றனர். தானே தேர்ந்து செய்கிறேன் என்னும் தன்னுரிமை, என்னால் முடிகிறது என்னும் திறனுணர்வு, என்மீது அக்கறை கொண்டோர் உளர் என்னும் உறவுணர்வு என்பன அவை. பண்டிதமணியின் தேடலில் முதலாவதும், பெட்டியடிப் பையனின் படிப்படியான தேர்ச்சியில் இரண்டாவதும், மாணிக்கனார் பெற்ற வழிகாட்டலில் மூன்றாவதும் புலப்படுகின்றன.

பரிசு தந்தால் ஆர்வம் பெருகும் என்பது பலரின் நம்பிக்கை. 1973 ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு இந்நம்பிக்கையைச் சோதித்தது. மார்க் லெப்பர் முதலிய அமெரிக்க ஆய்வாளர், ஓவியம் வரைவதை இயல்பாகவே விரும்பிய மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். முதற்குழுவினரிடம், வரைந்தால் பரிசுச்சான்று கிடைக்கும் என்று முன்னரே கூறினர். இரண்டாம் குழுவினருக்கு வரைந்து முடித்தபின் எதிர்பாராத வகையில் பரிசு வழங்கினர். மூன்றாம் குழுவினருக்குப் பரிசு இல்லை. ஓரிரு வாரங்களுக்குப்பின் வகுப்பில் வண்ண எழுதுகோல்களை வைத்து உற்றுநோக்கினர். பரிசுக்காக வரைந்த குழந்தைகள், மற்றவர் செலவிட்ட நேரத்தில் ஏறத்தாழப் பாதியையே வரைவதற்குச் செலவிட்டனர். முன்பு விளையாட்டாக இருந்தது கூலிவேலையாக மாறியதே இதற்குக் காரணம் என ஆய்வாளர் கருதினர்.

பாராட்டிலும் வேறுபாடு உண்டு. 1998 ஆம் ஆண்டு கிளாடியா முல்லர், கேரல் டுவெக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், புதிர்க்கணக்குகளைத் தீர்த்த ஐந்தாம் வகுப்பு மாணவருள் சிலர் அவர்தம் அறிவுக்காகவும் சிலர் உழைப்புக்காகவும் பாராட்டப்பெற்றனர். பின்னர்க் கடினமான புதிர்களைத் தந்தபோது இருசாராரும் தடுமாறினர். அதன்பின், அறிவாளி என்று பாராட்டப்பட்டோர் முன்னைவிடக் குறைவாகவே செய்தனர். தாம் பெற்ற மதிப்பெண்ணை உயர்த்திச் சொன்னோரும் அவர்களுள் மிகுதியாக இருந்தனர். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டோரோ முன்னைவிடச் சிறப்பாகச் செய்தனர். 'அறிவாளி' என்னும் பெயரைக் காக்க வேண்டிய குழந்தை தோல்விக்கு அஞ்சுகிறது. 'முயன்றாய்' என்று கேட்ட குழந்தை மீண்டும் முயல்கிறது.

பரிசளிப்பதே தவறு என்பது இவற்றின் பொருளன்று. விருப்பம் இருக்கும் இடத்தில் பரிசை விலையாகப் பேசுதல் ஆகாது என்பதும், பாராட்டு குழந்தையின் உழைப்பைச் சுட்ட வேண்டும் என்பதுமே இவற்றின் பொருள்.

வீட்டிலும் வகுப்பிலும் செய்யத்தக்கவை

முதலாவது, குழந்தையின் வினாவுக்கு மதிப்பளித்தல். விடை தெரியாதபோது, "தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்" என்று கூறும் பெரியவர், கற்றலுக்கு வயது வரம்பில்லை என்பதைச் செயலால் உணர்த்துகிறார்.

இரண்டாவது, பெரிய பாடத்தைச் சிறுசிறு படிகளாக அமைத்தல். ஒரு படியில் வெற்றி கண்ட குழந்தை அடுத்த படிக்குத் தானே கால் தூக்கும்.

மூன்றாவது, தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தருதல். பாடத்திட்டம் பொதுவானதாயினும், எந்தக் கதையை முதலில் படிப்பது, எந்த ஊரைப் பற்றிக் கட்டுரை எழுதுவது என்பவற்றைக் குழந்தையே முடிவு செய்யலாம்.

நான்காவது, பிறரோடு ஒப்பிடுவதைத் தவிர்த்தல். அக்காவின் மதிப்பெண்ணோடு தம்பியின் மதிப்பெண்ணை ஒப்பிடுவதைவிடச் சென்ற மாதத் தம்பியோடு இம்மாதத் தம்பியை ஒப்பிடுதல் நன்று.

ஐந்தாவது, கற்றதைப் பிறருக்குக் கற்பிக்க வாய்ப்பளித்தல். மேல்நிலை வகுப்பு மாணவர், தம் வீட்டிலும் தெருவிலும் உள்ள இளையோருக்கு நாள்தோறும் சிறிது நேரம் கதை படித்துக் காட்டினால், இருவர் விருப்பமும் ஒருங்கே வளரும்.

> தெரிந்து தெளிவோம்
>
> கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாடு அரசு 2021 ஆம் ஆண்டு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலர்கள் குழந்தைகளின் குடியிருப்புப் பகுதிகளுக்கே சென்று, மாலைநேரத்தில் விளையாட்டு, பாட்டு, கதை ஆகியவற்றின் வழியாகக் கற்பித்தனர்.

எல்லார்க்குமான வாய்ப்பு

மூவர் வாழ்க்கையைப் போற்றும்போதே மறக்கலாகாத ஒன்றுண்டு. விருப்பம் இருந்தால் போதும், வாய்ப்புத் தேவையில்லை என்று கூறுதல் பிழை. பெட்டியடியில் அமர்ந்த சிறுவர் பலருள் மீண்டும் நூலை எடுத்தவர் சிலரே. கப்பலேறியவர் சிறுவர், அவர்தம் உடன்பிறந்த சிறுமியர் பெரும்பாலோர்க்குத் திண்ணைப்பள்ளியின் வாயிலும் எளிதில் திறக்கவில்லை. அவர்களுள் எத்தனை பண்டிதமணிகள் இருந்தனர் என்பதை எவரும் அறியார். கற்கும் விருப்பம் குழந்தைக்கு உரியது. அதற்கு இடமளிக்கும் கடமை சமூகத்துக்கு உரியது.

இக்கடமையை ஏற்கும் இடங்களுள் நூலகம் தலைசிறந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் பொதுநூலகச் சட்டத்தை முதலில் இயற்றியது சென்னை மாகாணமே. அச்சட்டம் 1948 ஆம் ஆண்டு நிறைவேறியது. நூலகத்தில் வருகைப்பதிவு கட்டாயமில்லை, மதிப்பெண் இல்லை. எந்நூலை எடுப்பது, எவ்வளவு நேரம் படிப்பது, பிடிக்காத நூலை எப்போது மூடிவைப்பது என்பன யாவும் படிப்பவரின் உரிமை. பண்டிதமணி வருந்தித் தேடிப்பெற்ற அவ்வுரிமை, இன்று சிற்றூர்க் குழந்தைக்கும் எளிதில் கிடைக்கிறது.

நெற்குப்பையில் இன்று சோமலெயின் பெயரால் நினைவு நூலகம் ஒன்று விளங்குகிறது. முன்னாளில் இவ்வட்டாரச் சிறுவன் உலகைக் காண வேண்டுமாயின் தாயையும் ஊரையும் பிரிந்து கப்பலேற வேண்டியிருந்தது. இன்று அவனும் அவன் தங்கையும் மாலையில் நூலகத்துக்கு நடந்து சென்று, ஒரு நூலைத் திறந்து, இருட்டுமுன் வீடு திரும்பிவிடலாம். திரும்பிவந்த குழந்தையிடம் வீட்டார் கேட்கத்தக்க வினா ஒன்றே: "இன்று நீ படித்ததை எங்களுக்கும் சொல்வாயா?"

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் முறையான கல்வி குறைவாகப் பெற்றும் தம் துறையில் அறிவால் சிறந்த ஒருவரைச் சந்தித்து, அவர் எவ்வாறு கற்றார் என்பதைக் கேட்டறிந்து வகுப்பில் பேசுக.

2. சோமலெயின் வழியில், நீங்கள் வாழும் தெருவின் தொழில், மரங்கள், உணவு, பேச்சுவழக்கு ஆகியவற்றைக் குறித்து இரண்டு பக்கக் கட்டுரை எழுதுக.

3. தொடக்கப்பள்ளி மாணவர் ஒருவருக்கு ஒரு வாரம் கதை படித்துக் காட்டுக. அவர் கேட்ட வினாக்களைத் தொகுத்து, அவற்றுள் மிகச் சிறந்ததைக் காரணத்துடன் தேர்ந்தெடுக்க.

மதிப்பீடு

குறுவினா

1. 'பெட்டியடிப் பையன்' – குறிப்பு வரைக.

2. 'பொய் சொல்லா மாணிக்கம்' என்னும் பெயர் ஏற்பட்ட நிகழ்வு யாது?

சிறுவினா

1. கற்கும் விருப்பம் நிலைப்பதற்கு உரிய மூன்று தேவைகளைப் பாடத்தில் இடம்பெற்றோர் வாழ்க்கையோடு பொருத்திக் காட்டுக.

2. அறிவைப் பாராட்டுவதற்கும் உழைப்பைப் பாராட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை ஆய்வின் வழி விளக்குக.

நெடுவினா

'கற்கும் விருப்பம் குழந்தைக்கு உரியது. அதற்கு இடமளிக்கும் கடமை சமூகத்துக்கு உரியது' – இக்கருத்தை உங்கள் ஊர்ச்சூழலில் இருந்து சான்றுகள் தந்து நிறுவுக.